வெப்சைட் போட்டு நான்கு மாதம், ஒரு போன்கூட வரவில்லை. எங்கே தப்பு?

பிரிவு: சிறுதொழில் / கடையும் இணையமும்

செக்குமேட்டுக்காரன் – திங்கள், இரவு 9.40

வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் இரும்புச் செக்கு. நான் பொறுப்புக்கு வந்தபிறகு வாகை மர உரல் போட்டு இரண்டு செக்கு ஓடுகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. கடையில் வியாபாரம் பரவாயில்லை. வெளியூருக்கும் போகட்டும் என்று போன தை மாதம் ஒருவரிடம் சொல்லி வெப்சைட் போட்டேன். பதினெட்டாயிரம் ஆனது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலே ஐந்து படம் மாறி மாறி வரும். பச்சை வயல், மாடு சுற்றும் செக்கு, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் உண்டு. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சூப்பர் என்றார்கள். ஆனால் ‘வெப்சைட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்’ என்று ஒரு போன்கூட வரவில்லை. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், எஸ்இஓ (கூகுள் தேடலில் முன்னால் வர வைக்கும் வேலை) பண்ண வேண்டும், மாதம் ஆறாயிரம் என்கிறார்.

செல்போனில் எடுத்த மூன்று திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன். மேலே இருப்பதற்கு ஒரு பெயர், கீழே இருப்பதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், எனக்கு எது என்னவென்றே புரியவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்க.

மாடித்தோட்டம் – திங்கள், இரவு 10.05

மாடு சுற்றும் செக்கு உங்களுடையதா?

செக்குமேட்டுக்காரன் – திங்கள், இரவு 10.11

இல்லைங்க அக்கா, நம்முடையது மோட்டார். படம் அவரே எங்கேயோ எடுத்துப் போட்டது.

ரீல்ஸ்_ராஜா – திங்கள், இரவு 10.30

இந்தக் காலத்தில் வெப்சைட்டை யார் சார் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுங்கள், இன்ஸ்டாவில் எண்ணெய் வழிவதை ஸ்லோமோஷனில் எடுத்து வாரம் மூன்று ரீல்ஸ் போடுங்கள். பதினெட்டாயிரத்துக்கு நல்ல கேமராவே வாங்கியிருக்கலாம்.

பிக்சல்_பாண்டி – செவ்வாய், காலை 7.15

தனிமடலில் லிங்க் அனுப்பியதற்கு நன்றி அண்ணே. செல்லில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை பார்த்தேன். நான் இதே வேலைதான் செய்கிறேன், மதுரையில். எஸ்இஓ பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வந்தவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறேன்.

உச்சியில் நீளமாக ஒரு பட்டை இருக்கிறதே, அதுதான் ஹெடர். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே வரும். உங்களுடையதில் நடுவில் லோகோ. வட்டத்துக்குள் சொட்டு, சொட்டுக்குள் இலை, இலைக்குள் செக்கு. செல்லில் அது ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கிறது, கடைப் பெயரைப் படிக்கவே முடியவில்லை. லோகோ இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்தில் பெயரைத் தனியாக எழுத்தில் போடச் சொல்லுங்கள். அதன் கீழே சின்னதாக ‘மரச்செக்கு எண்ணெய், வெள்ளகோவில்’. கவனித்தீர்களா, இப்போது முகப்பில் ‘செக்கு’ என்ற சொல்லும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ‘இயற்கையின் வரம், ஆரோக்கியத்தின் தரம்’ என்று பெரிதாக இருக்கிறது. அதை வைத்துச் சித்த வைத்தியசாலை என்றும் நினைக்கலாம், யோகா வகுப்பு என்றும் நினைக்கலாம்.

வலது மூலையில் மூன்று கோடு. அதைத் தொட்டால் மெனு திறக்கும். 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்தது அது. இத்தனை வருடம் கழித்தும் என் மாமனார் அதைத் தொடமாட்டார், ஏதோ அலங்காரம் என்று நினைக்கிறார். பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதிவிட்டால் தொடுவார். உள்ளே ஹோம், அபவுட் அஸ், சர்வீசஸ், புராடக்ட்ஸ், கேலரி, பிளாக், டெஸ்டிமோனியல்ஸ், கான்டாக்ட் என்று எட்டு. பிளாக் காலி. டெஸ்டிமோனியல்ஸில் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சிரிக்கிறார். அவர் நல்லெண்ணெய் வாங்கினாரா அண்ணே? சர்வீசஸ் பக்கத்தில் ‘லோரம் இப்சம்’ என்று லத்தீன் உளறல் அப்படியே கிடக்கிறது. டெம்ப்ளேட்டில், அதாவது முன்பே செய்து வைத்த வெப்சைட் அச்சில், இடம் நிரப்ப வைத்திருப்பது அது, பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியதைச் சிதைத்து உண்டாக்கியது. எடுக்க மறந்துவிட்டார்கள்.

அடுத்து அந்தச் சுழலும் படங்கள். அந்த இடத்தை பேனர் என்போம், மாறி மாறி வந்தால் ஸ்லைடர். முதல் படத்தின் வரியை நான் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. ஒவ்வொரு படமும் 4 எம்பிக்கு மேல். ஊருக்கு வெளியே, சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்தில் திறந்தால் வெள்ளைத் திரைதான் வரும். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் கணக்கு. உங்களுடையது என் செல்லில் பதினொன்று. வெள்ளை எண்ணெய்ப் படத்தின்மேல் மஞ்சள் எழுத்து வேறு. வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

போன் நம்பர் எங்கே என்று தேடினேன். மூன்றாவது படத்தின் ஓரத்தில், விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்து ஒட்டியதுபோல இருக்கிறது. படம் என்பதால் விரலால் தொட்டால் டயல் ஆகாது, காப்பியும் ஆகாது. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு டயலருக்குப் போக வேண்டும். அதற்குள் ஸ்லைடர் மாறிவிடும்.

மீதியை மதியம் எழுதுகிறேன், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

செக்குமேட்டுக்காரன் – செவ்வாய், காலை 7.50

தம்பி, இவ்வளவு இருக்கா? நான் அந்தப் படம் மாறுவதைத்தான் பெருமையாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

ரீல்ஸ்_ராஜா – செவ்வாய், காலை 8.20

அதுதான் நான் அப்போதே சொன்னேன். தூக்கிப் போடுங்கள்.

மாடித்தோட்டம் – செவ்வாய், காலை 9.00

ராஜா, நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ரீல்ஸ் பார்த்து நானே கருப்பட்டி வாங்கியிருக்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கடையின் பெயரை கூகுளில் போட்டுப் பார்த்தேன். முகவரி இருக்கிறதா, உணவு உரிமம் இருக்கிறதா என்று. ரீல்ஸில் ‘விலைக்கு டிஎம்’, அதாவது தனிமடலில் கேளுங்கள் என்றுதான் இருந்தது. டிஎம் பண்ணினேன், ‘ஹாய் டியர்’ என்று பதில் வந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது.

ரீல்ஸ்_ராஜா – செவ்வாய், காலை 9.04

😂 சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன்.

அச்சுக்கோப்பவர் – செவ்வாய், பிற்பகல் 1.10

சிவகாசி. காலண்டர், நோட்டீஸ் வேலை. எனக்கு வெப்சைட் தெரியாது, எழுத்து தெரியும். உங்கள் இரண்டாவது திரைப்பிடிப்பில் ‘எங்களைப் பற்றி’ பகுதியில் பாதி வரி தமிழாகவும் பாதி வரி ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொத்துக் கொத்தாகவும் இருக்கிறதே, அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து வாங்கிய மேட்டரை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் நிறைய வேலை செய்கிறோம், பாமினி, வானவில் மாதிரி. அதில் ‘அ’ என்று தெரிவது உள்ளே வேறு ஏதோ ஆங்கில எழுத்து. எங்கள் கணினியில் தமிழ், உங்கள் செல்லில் குப்பை. எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடாக மாற்றித்தான் ஒட்ட வேண்டும், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபிறகு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

இன்னொன்று. தலைப்புகளில் ‘ண்’ மேலுள்ள புள்ளி வெட்டுப்பட்டிருக்கிறது, ‘கீ’யின் சுழி காணோம். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைத் திணித்தால் இப்படித்தான். தமிழுக்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம் காற்று வேண்டும். பிக்சல் தம்பி, அந்த இடைவெளியை ஒன்றரை மடங்குக்கு மேல் வைக்க முடியுமல்லவா?

பிக்சல்_பாண்டி – செவ்வாய், பிற்பகல் 2.00

தாராளமாக முடியும் ஐயா. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை என்று நல்லதே இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றே போதும். இந்தத் தளத்தில் நான்கு எழுத்துரு இருக்கிறது.

காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பக்கத்தின் அடியில் கறுப்பாக இருப்பது ஃபுட்டர். ‘2021, அனைத்து உரிமைகளும்’ என்று இருக்கிறது. உங்கள் வெப்சைட்டே இந்த வருடம் போட்டதுதானே? டெம்ப்ளேட்டின் வருடம் அது. பார்ப்பவர் கடையை மூடிவிட்டார்கள் போல என்று நினைப்பார். ஃபேஸ்புக், ட்விட்டர், பின்டரெஸ்ட் குறிகள் வரிசையாக இருக்கின்றன, தொட்டால் எங்கும் போகவில்லை, பக்கத்தின் உச்சிக்கே திரும்புகிறது. பின்டரெஸ்டில் இருக்கிறீர்களா அண்ணே?

செக்குமேட்டுக்காரன் – செவ்வாய், பிற்பகல் 2.15

அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

ஒலிவழி – செவ்வாய், மாலை 6.30

நான் பார்வையற்றவன், கணினியில் என்விடிஏ, செல்லில் டாக்பேக் வைத்துக் கேட்பேன். இரண்டும் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்பவை. பாண்டியிடம் லிங்க் வாங்கித் தளத்தைக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: ‘இணைப்பு, படம், ஐ எம் ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் இரண்டு மூன்று பூஜ்யம் எட்டு…’ படத்தின் கோப்புப் பெயர் அது. இது முழுதாக ஓடி முடிந்ததும் அடுத்த படம், மறுபடியும் ஐ எம் ஜி. ஐந்து தடவை. அப்புறம் ஸ்லைடர் மாறியது, எங்கே இருந்தேன் என்பது போய்விட்டது, திரும்ப முதலிலிருந்து.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மாற்றுரை எழுத ஓர் இடம் இருக்கிறது. ‘வாகை மர உரலில் எள் ஆட்டும் மோட்டார் செக்கு’ என்று அதில் எழுதினால் எனக்கு அது கேட்கும். அப்புறம், பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்க்காததால் என் கருவி ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்று எழுத்தெழுத்தாக விழுங்கியது.

போன் நம்பர் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன், நேற்று இரவு. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்ன விலை என்று. பதில் வரவில்லையே?

செக்குமேட்டுக்காரன் – செவ்வாய், மாலை 6.42

எனக்கு எதுவும் வரவில்லைங்க! மெயிலைத் தினமும் பார்க்கிறேன்.

பிக்சல்_பாண்டி – செவ்வாய், மாலை 6.45

அண்ணே, அந்தப் படிவம் எந்த மெயிலுக்குப் போகிறது என்று இப்பவே போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செக்குமேட்டுக்காரன் – செவ்வாய், இரவு 8.55

கேட்டேன். அவர் சோதனைக்கு என்று ஆரம்பித்த ஒரு மெயில், அதற்கே நான்கு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கடவுச்சொல் வாங்கித் திறந்தேன். 23 மெயில். பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்தோ எங்கிருந்தோ வந்த விளம்பரம். ஒன்பது நிஜமானவை.

குன்னூரிலிருந்து ஒருவர்: உங்கள் கடைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாக உறைந்துவிட்டது, மெழுகு கலக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். தை மாதக் குளிர். பதில் போகாததால் மறுபடியும் ஒன்று, கோபமாக. தாராபுரத்திலிருந்து ஒருவர்: தங்கை கல்யாணத்துக்குக் கடலை எண்ணெய் 15 லிட்டர் டின் நான்கு வேண்டும், பங்குனி கடைசியில். கல்யாணம் முடிந்து பந்தக்கால்கூடப் பிடுங்கியிருப்பார்கள்.

நான்கு பேர் ஒரே விஷயம்: சொந்தக் கடலை கொண்டுவந்தால் கூலிக்கு ஆட்டித் தருவீர்களா?

சாப்பிடப் பிடிக்கவில்லை. நாளைக்கு எல்லோருக்கும் போன் பண்ணப்போகிறேன்.

ஒலிவழி – செவ்வாய், இரவு 9.10

அந்த ஒன்பதில் நானும் ஒருவன். விலையை இங்கேயே சொன்னாலும் சரி.

கணக்குப்பிள்ளை – புதன், காலை 10.20

திருப்பூரில் கணக்கு பார்க்கிறேன். வேறொரு பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

ஃபுட்டரில் அழகுக்கு வைத்ததெல்லாம் போகட்டும், இருக்க வேண்டியது இல்லை. 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தன் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகேட்பவரின் பெயர் ஆகியவற்றைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் கடையில் குறைகேட்பவர் நீங்களேதான், பெயரைப் போட்டால் போதும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் அங்கேயே போடுங்கள். உரிமம் இருக்கிறதல்லவா? பாட்டில் லேபிளில் பார்த்தேன், வெப்சைட்டில் காணோம்.

பொட்டலப் பொருளுக்கு லேபிளில் உள்ள விவரங்கள் வாங்கும் பக்கத்திலும் தெரிய வேண்டும்: நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி. எண்ணெயில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு, லிட்டரா கிலோவா என்று. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள், சண்டை வராது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கடுமையானது. ‘சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய அடைப்பு அனைத்துக்கும் ஒரே தீர்வு’ என்று முகப்பில் சிவப்பில் மினுமினுக்கிறதே, அதை இன்றைக்கே எடுங்கள். உணவுப் பொருள் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதற்கு 2018-ன் விளம்பர விதிகளில் தடை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

வேர்க்கடலை – புதன், காலை 11.00

செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்பது ஊருக்கே தெரியும். நம் தாத்தா பாட்டி எல்லாம் என்ன ரீஃபைண்டா சாப்பிட்டார்கள்? பெரிய கம்பெனிக்காரன் ஹார்ட் படம் போட்டு விற்கலாம், நாம் சொல்லக்கூடாதா?

கணக்குப்பிள்ளை – புதன், காலை 11.25

பெரிய கம்பெனி போடும் படத்துக்கும் அதே விதிதான். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், நம் அண்ணனுக்கு நான்தான் இருக்கிறேன். ‘ரசாயனம் சேர்க்காமல் மர உரலில் ஆட்டியது’ என்று சொல்லட்டும், செய்வது அதுதானே. எதைச் செய்கிறாரோ அதை எழுதினால் யாரும் கேட்க முடியாது.

வேர்க்கடலை – புதன், காலை 11.31

சர்க்கரை குறையும் என்பது உண்மைங்க, என் மச்சானுக்கு…

நெறியாளர் – புதன், காலை 11.40

மச்சானின் சர்க்கரைக்கு உடல்நலப் பிரிவில் தனி இழை தொடங்கவும். இங்கே வெப்சைட் மட்டும்.

மாடித்தோட்டம் – புதன், பிற்பகல் 3.15

தம்பி, ஒரு யோசனை. வெப்சைட்டில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு வாரம் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனில் யார் என்ன கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். நான் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தபோது இப்படித்தான் செய்தேன். அலமாரிகளை எண் வரிசைப்படி அடுக்கியிருந்தோம், பிள்ளைகள் ‘பேய்க் கதை எங்கே மிஸ்’ என்றுதான் கேட்டார்கள். கடைசியில் ஓர் அலமாரிக்குப் ‘பேய்க் கதை’ என்றே அட்டை எழுதி ஒட்டினேன்.

செக்குமேட்டுக்காரன் – அடுத்த வியாழன், இரவு 9.20

நோட்டு வைத்தேன். ஏழு நாளில் 61 அழைப்பு. பாட்டில் தருகிறவர், கொப்பரை வியாபாரி இவர்களைக் கழித்தால் 44. சம்சாரமும் எழுதினார், அவர் கையெழுத்துதான் புரிகிறது.

அதிகம் வந்தது, ‘இன்னைக்கு கடலெண்ணெய் என்ன விலைங்க?’

அதற்கடுத்து, ‘கூலிக்கு ஆட்டுவீங்களா, கிலோவுக்கு எவ்வளவு, குறைஞ்சது எத்தனை கிலோ கொண்டாரணும்?’ இதைப் பற்றி வெப்சைட்டில் ஒரு வரிகூட இல்லை. சர்வீசஸ் என்று ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அதில் லத்தீன் போட்டிருக்கிறேன்.

அப்புறம் புண்ணாக்கு. மாடு வைத்திருப்பவர்கள் விடிகாலையிலேயே கேட்கிறார்கள். கடலைப் புண்ணாக்கு இருக்கா, எள்ளுப் புண்ணாக்கு இருக்கா. வீட்டு எண்ணெய்க்காரர்களைவிட இவர்கள்தான் மாதம் தவறாமல் வருகிறவர்கள், இவர்களை மறந்தே போனேன்.

இரண்டு பேர் வழி கேட்டுக் கோபமாகப் பேசினார்கள். ‘மேப் காட்டுற இடத்துல கோழிப்பண்ணைங்க இருக்குது.’ பார்த்தால் மேப்பில் குறி எங்கள் பழைய குடோனில் நிற்கிறது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி.

‘வாணலியில ஊத்துனா நுரை பொங்குது, அடியில மண்டி நிக்குது, ஏன்?’ என்று மூன்று பேர். செக்கு எண்ணெயை நாங்கள் வெயிலில் தெளிய வைத்து வடிப்பதோடு சரி, அதனால் கொஞ்சம் மண்டி இருக்கும், சூடேற்றினால் நுரைக்கும். இதைத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம்முடைய சரித்திரம், தொலைநோக்கு, குறிக்கோள் இதையெல்லாம் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக்குத்தான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

பிக்சல்_பாண்டி – அடுத்த வியாழன், இரவு 9.45

அண்ணே, அந்த நோட்டுதான் உங்கள் வெப்சைட். மெனுவை அதிலிருந்தே எடுத்துவிடலாம்: எண்ணெய் விலை, கூலிக்கு ஆட்டுதல், புண்ணாக்கு, வழி. நான்குதான். அதோடு நிறுத்திக்கொள்வோம்.

விலையைப் போடத் தயங்குவீர்கள் என்று தெரியும். எல்லாக் கடைக்காரர்களும் தயங்குகிறார்கள்.

செக்குமேட்டுக்காரன் – அடுத்த வியாழன், இரவு 10.00

அதுதான் யோசிக்கிறேன் தம்பி. கடலை விலை வாரம் ஒரு விதமாக ஏறி இறங்குகிறது. போட்டிக்காரர்களும் பார்ப்பார்களே.

அச்சுக்கோப்பவர் – அடுத்த வியாழன், இரவு 10.12

கடை வாசலில் விலை எழுதிப் போட்டிருக்கிறீர்களா?

செக்குமேட்டுக்காரன் – அடுத்த வியாழன், இரவு 10.15

கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். பஸ்ஸிலிருந்தே தெரியும்.

…சரி, புரிந்தது. போட்டுவிடலாம்.

பிக்சல்_பாண்டி – அடுத்த வியாழன், இரவு 10.20

விலைக்கு மேலே தேதி போட்டுவிடுங்கள், ‘இந்தத் தேதி விலை’ என்று. மாற்றுவதை நீங்களே செல்லிலிருந்து செய்யும்படி வைத்துத் தருகிறேன். அதற்குக்கூட இன்னொருவரை எதிர்பார்க்கும்படி இருந்தால் ஒரு மாதத்தில் பழைய விலை அப்படியே நிற்கும், அதற்கு விலையே இல்லாமலிருப்பது மேல்.

டொமைன், அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். பார்வைக்குத் தெரிகிற விஷயம் இல்லை, ஆனாலும் கேளுங்கள். கடைப் பலகையை எழுதியவர் பலகையே தன்னுடையது என்று எடுத்துப் போன கதை இரண்டு பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டம் – வெள்ளி, காலை 6.50

படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாட்டுச் செக்கை எடுத்துவிடுங்கள், நேரில் வருகிறவர் ‘மாடு எங்கே’ என்பார். உங்கள் செக்கையே காலை வெயிலில், ஜன்னல் பக்கமிருந்து, செல்லில் எடுங்கள். உரலின் விளிம்பில் எண்ணெய் வழிந்து மரம் கறுத்திருக்கும், அது போதும். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. கூட நீங்களும் நில்லுங்கள், வேட்டியோடு.

செக்குமேட்டுக்காரன் – வெள்ளி, காலை 7.05

நான் நின்றால் யாரும் வாங்கமாட்டார்கள் அக்கா. செக்கு ஓட்டும் அண்ணன் நிற்பார். கேட்டேன், சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

பிக்சல்_பாண்டி – மூன்றாவது வாரம், ஞாயிறு, மாலை 5.30

புதுப் பக்கம் நேற்று ஏறிவிட்டது. இழையைப் பின்தொடர்கிறவர்களுக்காக என்ன செய்தோம் என்று எழுதுகிறேன்.

ஹெடரில் இடப்பக்கம் கடைப் பெயரும் ஊரும், வலப்பக்கம் போன் குறியோடு எண். தொட்டால் டயல் ஆகும். பக்கத்தை எவ்வளவு கீழே தள்ளினாலும் இந்தப் பட்டை மேலேயே நிற்கும். கீழ் ஓரத்தில் வாட்ஸ்அப் பொத்தான், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில். முதலில் அதைச் சின்னதாக வைத்திருந்தேன், அண்ணனின் அப்பா தொட்டபோது பக்கத்திலிருந்த படம் திறந்துகொண்டது. தொடும் பொத்தானை 48 புள்ளி அகலத்துக்குக் குறையாமல் வையுங்கள் என்று கூகுள் சொல்வதன் அர்த்தம் அவர் விரலைப் பார்த்ததும் புரிந்தது.

சுழலும் படம் போயிற்று. ஒரே படம், 120 கேபி, செக்கும் அதை ஓட்டுகிறவரும் அவர் புதுச் சட்டையும். அதன் கீழே நேராக விலைப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் லிட்டரும் கிராமும். அடுத்து ஆட்டுக்கூலி: எவ்வளவு, குறைந்தது எத்தனை கிலோ, காயவைத்துக் கொண்டுவர வேண்டுமா, எத்தனை மணிக்கு வந்தால் அன்றே வாங்கிக்கொண்டு போகலாம். புண்ணாக்கு ஒரு வரி. பிறகு ‘அடிக்கடி கேட்பது’. நுரை, மண்டி, குளிரில் உறைவது மூன்றும் அங்கே. 24 டிகிரிக்குக் கீழே போனால் சுத்தமான தேங்காய் எண்ணெயும் உறையும் என்று குன்னூர்க்காரரை மனதில் வைத்து எழுதியது.

ஃபுட்டரில் கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் இருக்கிறது. மேப் குறி கோழிப்பண்ணையிலிருந்து கிளம்பிக் கடைக்கு வந்துவிட்டது. உலாவியின் தாவலில் (டேப்) தெரியும் குட்டிப் படம், அதை ஃபேவிகான் என்போம், டெம்ப்ளேட் கம்பெனியின் குறியாகவே இருந்தது, ஒரு சொட்டாக மாற்றினேன். முகவரிக்கு முன்னால் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்துகொண்டிருந்ததும் போயிற்று, அதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாத தளங்களை 2018-லிருந்து குரோம் அப்படிக் காட்டுகிறது. பழையபடி பூட்டுப் படம் வரவில்லையே என்று அண்ணன் கேட்டார். 2023-ல் குரோம் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது, பதட்டப்பட ஒன்றுமில்லை.

‘எங்களைப் பற்றி’யை நான் எடுக்கச் சொன்னேன், அண்ணன் விடவில்லை. கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. அப்பாவின் இரும்புச் செக்கிலிருந்து வாகை மரத்துக்கு ஏன் மாறினார் என்பது அதில் இருக்கிறது. படித்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது, நான் சொன்னது தப்பு.

ஒலிவழி – மூன்றாவது வாரம், ஞாயிறு, இரவு 8.00

கேட்டேன். இப்போது தமிழ்க் குரல். விலைக்குப் போக நான்கு தட்டல். நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு இடம் மட்டும்: வாட்ஸ்அப் பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை, ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்கிறது. எதற்கான பொத்தான் என்று தெரியாமல் அழுத்த பயமாக இருக்கும்.

பிக்சல்_பாண்டி – மூன்றாவது வாரம், ஞாயிறு, இரவு 8.20

மன்னிக்கவும், இப்போதே வைத்துவிட்டேன். பாருங்கள்.

ஒலிவழி – மூன்றாவது வாரம், ஞாயிறு, இரவு 8.24

‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பொத்தான்.’ சரி.

செக்குமேட்டுக்காரன் – நான்காவது வாரம், புதன், இரவு 9.00

முதல் போன் வந்துவிட்டது! ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா. வெப்சைட்டில் பார்த்தேன் என்று அவரே சொன்னார். கடலெண்ணெய் என்ன விலை என்றார்.

‘வெப்சைட்டிலேயே போட்டிருக்கிறேனுங்களே’ என்றேன்.

‘அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன். கடைசி விலை என்னங்க?’

பிக்சல்_பாண்டி – நான்காவது வாரம், புதன், இரவு 9.02

அதை நோட்டில் எழுதிவிட்டீர்களா?